வீட்டில் செய்து விற்கும் உணவு: லேபிளும் ஓர் அமானிதம்

 



இந்த வார உரை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது. பெருநாள் முடிந்து சில நாட்களில், மக்ரிப் தொழுகைக்குப் பிறகு பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் காத்திருந்தான். "அம்மா உங்ககிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாங்க ஹஜ்ரத்" என்றான். அத்தா இல்லாத வீடு. அம்மா கறி மசாலாப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் செய்து விற்றுத்தான் குடும்பம் நடக்கிறது. நோன்பு மாத வியாபாரத்தை நம்பி ஒரு கடைக்குக் கொடுத்த பாக்கெட்டுகளில் நாற்பது திரும்பி வந்துவிட்டன. 200 கிராம் பாக்கெட், விலை 90 ரூபாய். அதில் அடித்திருந்த கெடு முடிய இன்னும் இருபது நாள்தான் இருந்தது. கடைக்காரர், "தேதியை மட்டும் மாத்தி ஒட்டிக் குடுங்க, எல்லாத்தையும் எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார்.

"பொடி நல்லாத்தான் இருக்கு, வாசம்கூடப் போகலைன்னு அம்மா சொல்றாங்க. தேதி மட்டும்தானே? மாத்தலாமா?"

3,600 ரூபாய்ச் சரக்கு. நமக்கு அது சின்னத் தொகையாகத் தெரியலாம். அந்த வீட்டுக்கு அது ஒரு மாத வாடகை. அதனால் நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. இஷாவுக்குப் பிறகு வரச் சொன்னேன்.

நம்மில் யாருக்கும் தெரியாத ஹதீஸ் அல்ல இது. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். உள்ளே கையை விட்டுப் பார்க்கிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. "இது என்ன?" என்று வியாபாரியிடம் கேட்கிறார்கள். மழை பட்டுவிட்டது என்கிறார் அவர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் என்னைச் சார்ந்தவர் அல்ல என்ற கருத்தைச் சொன்னார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

இதில் நாம் கவனிக்காமல் போகும் ஒன்று உண்டு. அந்த வியாபாரி தானியத்தில் கல்லைக் கலக்கவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. மழை பெய்தது அவர் குற்றமும் அல்ல. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. ஈரத்தை அடியில் வைத்து, காய்ந்ததை மேலே வைத்தாரே, அதைத்தான் கண்டித்தார்கள். வாங்குபவர் தன் கண்ணால் பார்த்து முடிவெடுக்கும் உரிமை அங்கே பறிபோனது.

இன்று பாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பார்க்க யாராலும் முடியாது. ஒட்டி, சீல் வைத்து விடுகிறோம். வாங்குபவரின் கைக்குப் பதிலாக அங்கே இருப்பது லேபிள் ஒன்றுதான். குவியலின் மேலே தெரிய வேண்டிய ஈரம், இப்போது லேபிளில் எழுத்தாகத் தெரிய வேண்டும். அதில் உள்ள தேதியை மாற்றுவது, ஈரத்தை மறுபடியும் அடியில் தள்ளுவதுதான்.

அந்தப் பையன் திரும்பி வந்தபோது இதைத்தான் சொன்னேன். கூடவே சட்டத்தில் உள்ள ஒரு வழியையும் சொன்னேன். சட்ட அளவியல் துறையின் 2011 பொட்டலப் பொருள் விதிகளின்படி, பாக்கெட்டில் அச்சிட்ட விவரத்தை மாற்றுவதற்காகத் தனி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. விலையைக் குறைப்பதற்காக ஸ்டிக்கர் ஒட்டலாம். அதுவும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். சுபுஹானல்லாஹ்! கூட்டுவதற்கு வழி இல்லை, குறைப்பதற்கு வழி இருக்கிறது; குறைக்கும்போதும் பழையது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தச் சகோதரி தேதியைத் தொடவில்லை. 45 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டி, "இருபது நாளைக்குள் தீர்த்துவிடுங்கள்" என்று சொல்லியே தெருவில் விற்றார். முப்பத்தொன்று போனது. மீதி ஒன்பது பாக்கெட் அவர் வீட்டு அடுப்புக்கே போனது. நஷ்டம்தான். நஷ்டமே வராது என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவும் இல்லை.

அந்தக் கடைக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதப் படிக்கத் தடுமாறும் ஒரு பெண்ணிடம், அவர் பெயர் போட்ட பாக்கெட்டில் பொய் எழுதச் சொல்கிறார். மாட்டினால் மாட்டுவது அவர் அல்ல. இப்படிக் கேட்பவர்கள் நம் ஸஃப்பிலும் நிற்கக்கூடும் என்பதால்தான் சொல்கிறேன்.

சகோதரர்களே! கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் என்று நம் பள்ளத்தாக்கு முழுவதும் இன்று எத்தனையோ வீடுகளில் இந்தத் தொழில் நடக்கிறது. முறுக்கு, அதிரசம், ஊறுகாய், இட்லிப் பொடி, நோன்புக் கஞ்சி மாவு, பெருநாளுக்கு வட்டலப்பம், இப்போது புதிதாகப் பிறந்தநாள் கேக். விற்பனை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில். இடையில் தரகர் இல்லை. பலர் வட்டிக்கு வாங்காமலே தொடங்கியிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் "வீட்டில் செய்வதற்கு எதற்கு லைசென்ஸ்?" என்று கேட்பவர்களே அதிகம்.

அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர்கள், அங்கே வீட்டு உணவுக்கென்றே தனிச் சட்டம் இருப்பதாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது உண்மை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். கலிஃபோர்னியாவில் 2013 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அங்கே வீட்டுச் சமையலறையில் செய்தது என்பதை லேபிளில் பெரிய எழுத்தில் போட்டாக வேண்டும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. பெரிய பிஸ்கட் கம்பெனிக்கும் நம் வீட்டு ஊறுகாய்க்கும் ஒரே சட்டம்தான்: உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006. ஆனால் சிறியவர்களுக்கு அதில் ஒரு சிறிய வாசல் வைத்திருக்கிறார்கள். 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஆண்டு விற்றுமுதல் 12 இலட்சத்தைத் தாண்டாத சிறு உணவுத் தயாரிப்பாளர், குடிசைத் தொழில் செய்பவர் ஆகியோருக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும் என்று வைத்தன. கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இந்த வரம்பும் கட்டணமும் அரசு அறிவிப்பால் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் நாளில் இணையதளத்தில் இருப்பதையே பாருங்கள். போன வருடம் யாரோ சொன்னதை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

பதிவு 'ஃபாஸ்காஸ்' என்ற இணையதளத்தில். போட்டோவும் அடையாள அட்டையும் கையில் இருந்தால் நீங்களே செய்யலாம். ஏழு நாளில் பதிவு தர வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது நேரில் பார்க்க வருகிறோம் என்று அறிவிக்க வேண்டும் என்பது விதி. கிடைத்ததும் 14 இலக்க எண் ஒன்று வரும். நூறு ரூபாய் வேலைக்கு இரண்டாயிரம் மூவாயிரம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுத்து ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. லாபத்துக்காக நடந்தாலும் இல்லாவிட்டாலும் உணவு வழங்குவது உணவுத் தொழில் என்றே இச்சட்டம் சொல்கிறது. மார்க்க நிகழ்ச்சிகளில் உணவு வழங்குபவரையும் அந்தச் சிறு தயாரிப்பாளர் பட்டியலில்தான் சேர்த்திருக்கிறது. ஆக, ஊருக்கு உபதேசம் செய்யும் முன், ரமளானில் நாம் காய்ச்சும் நோன்புக் கஞ்சிச் சட்டிக்கும் இது பொருந்தும் என்பதை நிர்வாகிகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் சொன்னதும் இரண்டு முத்தவல்லிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரசாங்கம் எதற்கு நம் அடுப்படியை எட்டிப் பார்க்கிறது என்று சிலருக்கு மனக்குறை. இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த வழக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வரலாற்றில் 'ஹிஸ்பா' என்று ஒரு துறையே இருந்தது. அதன் அதிகாரி முஹ்தஸிப், கடைத்தெருவின் எடையையும் உணவின் சுத்தத்தையும் பார்ப்பவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில், ஸலாஹுத்தீன் அய்யூபி காலத்தில் ஷாம் தேசத்தில் வாழ்ந்த ஷைஸரீ என்ற அறிஞர், முஹ்தஸிப்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார். அதில் ரொட்டி சுடுபவர்களைப் பற்றி வருவதைப் பாருங்கள்: மாவைக் காலாலோ முழங்காலாலோ பிசையக் கூடாது. தும்மும்போதும் பேசும்போதும் எச்சில் தெறிக்காமல் இருக்க வாயை மூடிக்கொள்ள வேண்டும். நெற்றி வியர்வை சொட்டாமல் துணி கட்ட வேண்டும். பகலில் ஈ விரட்ட ஓர் ஆள் நிற்க வேண்டும். ரொட்டி சுடுபவர்களின் பெயரையும் கடை இருக்கும் இடத்தையும் முஹ்தஸிப் தன் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். எண்ணூறு வருடத்துக்கு மேலாகிறது. இன்றைய விதிகளின் நான்காவது அட்டவணையில் சிறு தயாரிப்பாளர்களுக்கு எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட இதுவேதான்: குடிக்கத் தகுந்த தண்ணீர், மூடி வைத்த பாத்திரம், வெட்டிய நகம், நோயாளி சமையலில் நிற்காமல் இருப்பது. பேன் மாஸ்க் என்று பெயர் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, லேபிளில் என்ன எழுத வேண்டும்? பொருளின் பெயர், என்னென்ன சேர்ந்திருக்கிறது, நிகர எடை, விலை, செய்தவரின் பெயர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் பதிவு எண்ணும், புகார் சொல்ல ஒரு தொடர்பு எண், சைவமா அசைவமா என்ற குறி. சைவம் என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவம் என்றால் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு அதுவும் வட்டமாக இருந்தது; நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்காக மாற்றினார்கள். ஊட்டச்சத்து விவரம் உங்கள் பொருளுக்குத் தேவையா என்பதை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் மட்டும் அச்சடித்தால் போதாது. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. கூடவே தமிழும் போடத் தடை இல்லை. நான் சொல்வேன், தமிழைக் கட்டாயம் போடுங்கள். வாங்கும் நன்னிக்கு வாசிக்கத் தெரிந்தது அதுதான்.

சேர்மானப் பட்டியலில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஈமான் சோதிக்கப்படும் இடம் அது. எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். 'நெய் அதிரசம்' என்று பெயர் வைத்துவிட்டுப் பாமாயிலில் பொரித்து, கடைசியில் ஒரு கரண்டி நெய்யைத் தெளிப்பவர், அந்த வரிசையை நேர்மையாக எழுதினால் நெய் எங்கே வரும்? உப்புக்குப் பக்கத்தில் வரும். 'எண்ணெய்' என்று பொதுவாக எழுதித் தப்பிக்கவும் கூடாது. எந்த எண்ணெய் என்று பெயர் சொல்ல வேண்டும். பாமாயிலில் செய்வது ஹராம் அல்ல. "பாமாயிலில் செய்தது, விலை குறைவு" என்று சொல்லி விற்றால் வாங்க ஆள் உண்டு. தன் சகோதரனுக்குக் குறையுள்ள பொருளை, குறையைச் சொல்லாமல் விற்பது ஒரு முஸ்லிமுக்கு ஆகுமானதல்ல என்ற கருத்தில் உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இப்னு மாஜாவில் இருக்கிறது.

இன்னொரு ஆபத்து, ஒவ்வாமை. இட்லிப் பொடியில் வேர்க்கடலை சேர்ப்பவர்கள் உண்டு. ருசிக்காகச் சேர்ப்பதுதான். ஆனால் வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு கிள்ளு போதும், மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும். கோதுமை, பால், முட்டை, மீன், வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புகள், சோயா இவை இருந்தால் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்று 2020 லேபிள் விதிகள் சொல்வது அதனால்தான். "எங்க கைப்பக்குவம், ரகசியம்" என்று ஒரு சகோதரி சொன்னார். அளவு உங்கள் ரகசியமாகவே இருக்கட்டும். பெயரை மறைப்பது ரகசியம் அல்ல, ஒரு பிள்ளையின் உயிர் சம்பந்தப்பட்டது.

நம் ஊர் மண்ணுக்கென்று சில சோதனைகள் உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்புக் கூடியதும், எங்கிருந்தோ வந்த பழத்தைப் பிழிந்து 'கம்பம் பன்னீர் திராட்சை ஜூஸ்' என்று ஒட்டும் ஆசையும் வரும். அது பொய் மட்டுமல்ல, இங்கே பந்தல் போட்டுக் கஷ்டப்படும் விவசாயியின் பெயரைத் திருடுவது. மலைத்தேனும் அப்படித்தான். வெல்லப்பாகு கலந்த பாட்டிலில் 'சுத்தமான மலைத்தேன்' என்று எழுதுகிறார்கள். உண்மையான தேனேயானாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகளைப் பெரியவர்களின் குடல் தாங்கும், பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. தேன் விற்பவர் அதை லேபிளில் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

நிறம் வேறு. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததே, காரணம் ரோடமின்-பி என்ற சாயம். துணிக்குப் போடும் சாயம் அது. மிளகாய்ப் பொடி சிவப்பாக இல்லையே, ஏலக்காய் பச்சையாக இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வெயிலில் காய்ந்த மிளகாய் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். அது அதன் உண்மை. நம் பள்ளத்தாக்கில் ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் சரியாகக் காயாத மிளகாயில் பூஞ்சை பிடித்தால், அதை வறுத்தாலும் அரைத்தாலும் நஞ்சு முழுதாகப் போகாது. அந்த மூட்டையை அரைக்காதீர்கள். ஈரத் தானியத்தின் ஹதீஸ் அங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்தும். இங்கே மேலே எடுத்து வைத்துக் காட்டி விற்கவும் வழியில்லை.

'சர்க்கரை நோய் தீரும்', 'மூட்டு வலி போகும்' என்று பொடிப் பாக்கெட்டில் எழுதுவதை விட்டுவிடுங்கள். தவறான விளம்பரத்துக்கு 53ஆவது பிரிவில் பத்து இலட்சம் வரை அபராதம் இருக்கிறது. தவறான லேபிளுக்கு 52ஆவது பிரிவில் மூன்று இலட்சம் வரை. அபராதம் ஒருபுறம். உங்கள் எழுத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? அதேபோல், பாக்கெட்டில் 'ஹலால்' என்று பெரிதாகப் போட்டுவிட்டு எடையில் பத்து கிராம் குறைப்பவரும் உண்டு. அளவில் குறைப்பவர்களுக்குக் கேடு என்று எச்சரித்து ஓர் அத்தியாயமே இறங்கியிருக்கிறது, 83ஆவது அத்தியாயம் அல்முதஃப்பிஃபீன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடத்துக்கு ஒருமுறை தொழிலாளர் துறையில் முத்திரை போட வேண்டும். பாக்கெட்டின் எடையைச் சேர்க்காமல் உள்ளே இருப்பதை மட்டும் நிறுங்கள்.

சகோதரிகள் தயங்கும் ஓர் இடம் எனக்குத் தெரியும். பெயரையும் வீட்டு முகவரியையும் பாக்கெட்டில் போட்டால், தெரியாத ஆண்கள் போன் செய்வார்கள், வாசலுக்கு வருவார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான், அதைக் கேலி செய்யாதீர்கள். உங்கள் பெயருக்குப் பதில் ஒரு தொழில் பெயரில் பதிவு செய்து அதையே அச்சிடலாம். தொடர்புக்கென்று தனி சிம் வைத்து வீட்டு ஆண்கள் கையில் கொடுத்துவிடலாம். முகவரியை மட்டும் விட முடியாது. பொருளில் குறை இருந்தால் வாங்கியவர் தேடி வர ஓர் இடம் வேண்டும் அல்லவா? முஹ்தஸிப் கடையின் இடத்தை எழுதி வைத்தது அதற்குத்தான். இரண்டு மூன்று சகோதரிகள் சேர்ந்து ஒரே இடத்தில் செய்து, அந்த முகவரியைப் போடுவது இன்னும் நல்லது.

கறி ஊறுகாய் பற்றிப் பலர் கேட்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் கை வைக்காதீர்கள் என்பது என் கருத்து. எண்ணெய்க்குள் மூடிய இறைச்சியில், புளிப்புப் போதாமல் இருந்தால், காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி வரும். ருசியிலும் வாசத்திலும் தெரியாது. காய்ந்த பொடியில் தொடங்குங்கள். எத்தனை நாள் தாங்கும் என்பதை ஊகித்து எழுதாமல், முதல் பேட்சில் நாலு பாக்கெட்டை எடுத்து வைத்து மாதாமாதம் திறந்து பாருங்கள். முடிந்தால் பரிசோதனைக் கூடத்துக்கு ஒன்றை அனுப்புங்கள்.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும், மறைத்துப் பொய் சொன்னால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்ற கருத்தை ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இங்கே பேச்சு விற்பவருக்கு மட்டும் அல்ல. பக்கத்து வீட்டுச் சகோதரி 90 ரூபாய் சொன்னால், "கம்பெனிப் பொடியே 80 ரூபாய்தானே" என்று பேரம் பேசி 60-க்கு இறக்குகிறோம். நல்ல மல்லிக்கும் மிளகாய்க்கும் என்ன விலை என்று அதே வாரம் சந்தையில் பார்த்தும் இருக்கிறோம். கலப்படத்துக்கு நாமே வாசல் திறந்து விடுகிறோம்.

அடுத்த வெள்ளி ஜுமுஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஒரு லேப்டாப் வைக்க நிர்வாகம் சம்மதித்திருக்கிறது, இன்ஷா அல்லாஹ். ஆரம்பத்தில் சொன்ன அந்தப் பையன்தான் ஃபார்ம் நிரப்பித் தருவான். அவன் அம்மாவுக்கு அவனே பதிவு செய்து பழகிவிட்டான். நூறு ரூபாய், போட்டோ, ஆதார் நகல் எடுத்து வாருங்கள். சகோதரிகள் வர வேண்டியதில்லை, வீட்டு ஆண்கள் கொண்டுவந்தால் போதும். ஆனால் செய்பவர் யாரோ அவர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள், உழைப்பு அவருடையது. பொருளில் என்னென்ன சேர்க்கிறீர்கள் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அளவு வேண்டாம், எது அதிகம் எது குறைவு என்ற வரிசை மட்டும் சரியாக இருக்கட்டும்.